கதவு திறக்கும் காட்சி

செருப்பைக் கழற்றிவிட்டு, மைக் முன்னால் நின்ற இடத்திலேயே ஓடி ஓடி மூச்சு வாங்கினாள் வான்மதி. ஸ்பானிஷ் பேய்ப் படத்து நாயகிக்குத் தமிழ்க் குரல். அவளுக்கு முதல் வாய்ப்பு. மதியத்துக்குள் அலறல் சரியாக வராவிட்டால் வேறு பெண்ணைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

"ஒரு மணி நேரமா கதவையே காட்டுறான். இதுக்கு எவன் பயப்படுவான்?" பக்கத்தில் உட்கார்ந்திருந்த டப்பிங் இயக்குநர் சபாபதி கொட்டாவி விட்டார்.

"அதுதான் சார் பயமே! எப்போ திறக்குமோன்னு வயித்தைக் கலக்குது."

"கலக்குதுல்ல? அப்போ கத்தும்மா!"

திரையில் கதவு திறந்தது. அலறல் ஸ்டுடியோவையே உலுக்கியது. முதல் டேக்கே ஓகே.

படம் வெளியானதும் அந்த அலறலுக்காகவே வான்மதிக்கு வரிசையாகப் பேய்ப் படங்கள் வந்தன. சபாபதி மட்டும் அவளைப் பார்த்தால் வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்று பயத்தில் அவளுக்குக் குரலே எழும்பவில்லை, அலறியது அவர்.