யாத்திரைச் சீட்டின் கடைசி வரி

“அந்தக் கடைசி வரியையும் எழுதிடுங்க, சாமி” என்றாள் ஒகினு.

கோயில் குரு ரியோகாய் தூரிகையை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

அவள் கணவன் ஜின்பெய்க்குத் தொழுநோய். சிக்கொக்குத் தீவின் எண்பத்தெட்டு பௌத்தத் தலங்களையும் நடந்தே வலம்வரப் புறப்படுகிறான். காவற்சாவடிகளைக் கடக்கக் கோயில் முத்திரையிட்ட சீட்டு வேண்டும். அதைக் கேட்டுத்தான் வந்திருந்தாள்.

“என்ன வரின்னு தெரிஞ்சுதான் கேக்குறியா? ‘வழியில் இவர் நோயுற்று விழுந்தாலும் இறந்தாலும் அவ்விடத்து வழக்கப்படியே செய்து முடிக்கவும், ஊருக்குச் செய்தி அனுப்ப வேண்டாம்.’ நாதியத்தவங்களுக்கு எழுதுற வரிம்மா அது!”

“தெரியும் சாமி.”

அருகில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த ஊர்த்தலைவர் கொன்சோ சிரித்தார்.

“எழுதிக் குடுத்துடுங்க சாமி. வளத்த நாய் காணாமப் போனாக்கூட ரெண்டு தெரு தேடுவாங்க. இவ புருஷனை ஒரேயடியாத் தலைமுழுகப் பாக்குறா. வீட்டையும் கொழுந்தன்கிட்ட ஒப்படைச்சுட்டாளாம். அடுத்த கல்யாணத்துக்கு நாள் பாத்தாச்சோ என்னமோ!”

ஒகினு தலைநிமிரவில்லை.

குருவின் நெஞ்சு கசந்தது. “செத்துப்போனா, அடக்கம் பண்ண அவன் தலைமுடி ஒரு கத்தையாவது ஊர் வந்து சேர வேண்டாமா? அந்த வரி இல்லாமலே தர்றேன்.”

“வேண்டாம் சாமி. அது இல்லன்னா, விழுந்த இடத்துலேர்ந்து பலகையில கிடத்தி, ஊர் ஊரா கைமாத்தி, இங்கேயே கொண்டாந்து போட்டுடுவாங்க.”

“கேட்டீங்களா! எங்க திரும்பி வந்துடுவானோன்னு பயம்” என்றார் கொன்சோ.

குரு எழுதினார். முத்திரையைப் பதித்தார். சீட்டை அவள் கையில் தர மனமின்றிப் பாயின் மேல் தள்ளினார்.

“எடுத்துக்க. புத்தர் பாத்துக்கிட்டுதான் இருக்காரு.”

அவள் அதை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டாள். எழவில்லை.

“இன்னொரு சீட்டு வேணும் சாமி.”

“யாருக்கு?”

“எனக்குத்தான். அவருக்குக் கண்ணு மங்கிப்போச்சு. கோலைப் பிடிக்கவும் விரல் இல்ல. கூடவே நடக்கப் போறேன். நாங்க திரும்பி வர்றதா இல்ல.”

கொன்சோவின் கிண்ணம் வாயருகே நின்றது.

குரு புதுத் தாளை விரித்து அவள் பெயரை எழுதினார். கடைசி வரிக்கு வந்தபோது தூரிகை நகர மறுத்தது.

“அதையும் எழுதிடுங்க, சாமி. இல்லன்னா, நான் விழுற அன்னைக்கு அவரை அங்கேயே தனியா விட்டுட்டு, என்னை மட்டும் ஊருக்குத் தூக்கிட்டு வந்துடுவாங்க.”