கடைசி பைப்

"கொதிக்க வச்சி ஆறவச்ச தண்ணி. குடிங்க சார்."

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில், தன் வீட்டு முன்னால் மாரியாயி நீட்டிய கோப்பையை அந்த ஆள் இன்றைக்கும் வாங்கவில்லை. "வேணாங்கம்மா" என்றுவிட்டு, வாசல் பைப்பைத் திறந்து தன் போத்தலை நிரப்பிக்கொண்டார். மூன்று மாதமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் இதே கதைதான்.

மாரியாயிக்குப் பொறுக்கவில்லை. "லயத்து வீட்டுக் கோப்பையில குடிச்சா ஒங்களுக்குக் கொறஞ்சி போயிருமா சார்? பைப்புத் தண்ணி மட்டும் ஆகுதோ?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"ஐயோ, இது குடிக்கிறதுக்கு இல்லம்மா, பரிசோதனைக்கு. நான் நீர் வழங்கல் சபை ஆளு. மொத நாளே ஒங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே."

"அந்த மனுசன் எதைத்தான் வீட்ல சொன்னாரு?"

"ஹல்துமுல்லையில இருந்து வர்ற தண்ணிக்கு ஒங்க பைப்தான் கடைசி. இங்க வரைக்கும் சுத்தமா வந்தா, வழியில உள்ள அத்தனை வீட்டுக்கும் சுத்தமாப் போயிருக்குன்னு அர்த்தம். கொதிக்க வைக்காமலே புள்ளைங்க குடிக்கலாமான்னு பாக்கத்தான் வாரா வாரம் வாறேன்."

போத்தலைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "போத்தல மூடுற வரைக்கும் வேற எதையும் கையால தொடக் கூடாது, அதான் வேணாம்னேன். வேலை முடிஞ்சிருச்சி. இப்பக் குடுங்கம்மா."

மாரியாயி கோப்பையிலிருந்த தண்ணீரை ரோஜாச் செடிக்கு ஊற்றினாள். பைப்பைத் திறந்து, கோப்பையை நிரப்பி நீட்டினாள்.

அவர் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.