மனதில் வைத்த ஜோடி

மைக்கைக் கையில் வாங்கியதும் முதலில் ஒரு ஜோடியைத் தேடினேன்.

கூடத்தில் ஐந்து சதுரங்கள். ஒரு சதுரத்துக்கு நாலு ஜோடி, பக்கத்துக்கு ஒன்றாக. நாற்பது பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எங்கள் சதுர நடனத்தில் அடுத்த அடவு என்னவென்று ஆடுகிறவர்களுக்குத் தெரியாது. மைக்கில் இருப்பவர் சொல்லச் சொல்லக் கை மாறும், ஆள் மாறும், இடம் மாறும். சற்று நேரத்தில் யார் யாரோடு வந்தார்கள் என்பதே கலைந்துவிடும். கடைசியில் ஒவ்வொருவரையும் அவரவர் ஜோடியோடு சேர்த்து, புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதைத்தான் வீடு சேர்ப்பது என்போம்.

நாற்பது பேரை யாராலும் மனதில் வைக்க முடியாது. முன்னால் இருக்கும் சதுரத்தில் ஒரு ஜோடியை நினைவில் வைத்தால் போதும். எல்லாச் சதுரமும் ஒன்றுபோலவே நகரும். அந்த ஜோடி வீடு சேர்ந்தால் மற்றவர்களும் சேர்ந்துவிடுவார்கள்.

அன்று பல்கலைக்கழகத்தின் குடும்ப தினம். செவ்வாய்க்கிழமைகளில் தனக்குள்ளேயே ஆடிக்கொள்ளும் எங்கள் நடன மன்றம், வருஷத்தில் அந்த ஒரு சனிக்கிழமை மட்டும் பெற்றவர்களையும் பழைய உறுப்பினர்களையும் கூப்பிடும். உயரமான ஜன்னல்கள் வழியாக அக்டோபர் வெயில் பலகைத் தரையில் இறங்கியிருந்தது. மேஜையில் ஆப்பிள் சாறும் டோனட்டும்.

எங்களுக்கு அடவு சொல்லும் மிஸ்டர் ஹாலோரன் பனிக்குப் பயந்து அரிசோனா வெயிலுக்குக் குடிபோகிறார். இந்த ஒரு பாட்டில் எல்லாரையும் வீடு சேர்த்துவிட்டால் அவர் இடம் எனக்கு. தவறவிட்டால் வெளியூரிலிருந்து ஆள் வரும். இரண்டு வருஷமாக எட்டு ஆளுக்குப் பதில் எட்டு சோடா மூடிகளை மேஜைமேல் நகர்த்தி நகர்த்திப் பழகியிருக்கிறேன். எனக்கு வேறு ஆசையே கிடையாது.

மேடைக்குக் கீழே மன்றத் தலைவன் கர்ட்டிஸ் இளித்துக்கொண்டு நின்றான்.

"கிரெட்சன், பாத்து. போன வருஷம் ஒருத்தன் சொன்ன சொல்லுல என் ஆளு வேற ஒருத்தன் கைக்குப் போயிட்டா. இன்னும் திரும்பி வரல."

முன்சதுரத்தைப் பார்த்தேன். அப்பா, அம்மா, என்னோடு வேதியியல் படிக்கும் ஓவன், சிரிப்பை அடக்கவே தெரியாத பாம், இன்னும் நாலு பேர். அப்பா மஞ்சள் சட்டை. அம்மா நீலப் பாவாடை. அவர்களையே மனதில் வைத்துக்கொண்டேன்.

பாட்டு தொடங்கியது.

வலக்கை கொடுங்கள் என்றேன். நாற்பது வலக்கைகள் நீண்டன. கடந்து போங்கள் என்றேன். தரையே மெல்ல நகர்வதுபோல இருந்தது.

பயம் எப்போது போனது என்று தெரியவில்லை. அடவுகள் தானாக வாயில் வந்தன. முகங்கள் ஒன்றோடொன்று கலந்து வெயிலுக்குள் போய், வெயிலிலிருந்து வந்தன. அத்தனை சுழற்சியிலும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தவை இரண்டே நிறங்கள்தான். மஞ்சளும் நீலமும் நெருங்கின, உரசின, விலகின. அவர்கள் கை சேரும்போதெல்லாம் எனக்கு இனித்தது. பிரிக்கிற அடவையும் நானேதான் சொன்னேன்.

பிறகு வழி தெரிந்தது. இன்னும் மூன்று அடவு. இரண்டு. ஒன்று.

"உங்க ஆளைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க!"

அப்பா கை நீட்டினார். அம்மா பிடித்துக்கொண்டாள். மேடைக்கு எதிரே, அப்பா புறப்பட்ட அதே இடத்தில் இருவரும் வந்து நின்றார்கள். சேர்த்துவிட்டேன்.

முதலில் பாம்தான் சிரித்தாள். அப்புறம் கூடமே சிரித்தது.

ஒருவரும் தன் ஜோடியோடு இல்லை. ஐந்து சதுரத்திலும் ஒவ்வொரு ஆணின் கையிலும் எதிர்ப்பக்கத்துப் பெண்.

எங்கே பிசகியது என்று பாமைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அப்பா கூட்டிவந்தது அவளைத்தான். அப்பாவுக்கும் பாமுக்கும் கல்யாணமாகி ஏழு வருஷம். அம்மா தனியாக வந்தவள். ஒரு சதுரத்துக்கு ஆள் குறைகிறது என்று ஓவன்தான் அவளைக் கூப்பிட்டுத் தன் ஜோடியாகச் சேர்த்துக்கொண்டான். பாட்டு தொடங்கும்போது அப்பாவும் அம்மாவும் எதிரெதிர்ப் பக்கங்களில் நின்றதை நான் பார்த்தேன். பார்த்தும், ஜோடி என்று மனதில் போட்டுக்கொண்டது அவர்களைத்தான்.

கர்ட்டிஸ் மேடை விளிம்பில் தட்டினான்.

"பாட்டுல பதினாறு தாளம் இருக்கு இன்னும்! குறுக்கே மாத்தி விட்டுடு, வேணும்னே செஞ்சேன்னு நெனச்சுப்பாங்க!"

அவன் சொன்னது சரி. பெண்கள் குறுக்கே கடந்து போங்கள். அவ்வளவுதான். அதைச் சொன்னால் எல்லாரும் கைதட்டுவார்கள், இடமும் எனக்குத்தான்.

அப்பாவும் அம்மாவும் கையை விடாமல் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மைக்கிலிருந்து சொல் வராமல் கையை விடக்கூடாது என்பது ஆட்டத்தின் முறை.

"சுத்துங்க" என்றேன்.

கூடம் முழுவதும் தப்பான ஆளோடு சிரித்துச் சிரித்துச் சுற்றியது. அந்த இருவர் சிரிக்கவில்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பதினாறு தாளமும் தீர்ந்தது.

அப்பா அம்மாவுக்குத் தலை வணங்கிவிட்டுப் பாமிடம் போனார். கர்ட்டிஸ் என்னைப் பார்க்காமல் டோனட் மேஜைப் பக்கம் போனான்.

அம்மா மட்டும் மேடைக்கு வந்தாள்.

"தப்புன்னு தெரிஞ்சப்புறமும் நேரம் இருந்துதேடி. மாத்தியிருக்கலாமே?"

"எப்படி மாத்தறதுன்னு தெரியலம்மா."

அம்மாவும் அப்பாவும் பழகியதே இந்த மன்றத்தில்தான். ஒரு காலத்தில் இதே மேடையில் நின்று அடவு சொன்னவள் அவள்.

"சரி" என்றாள். நெற்றியில் ஒட்டியிருந்த என் முடியை ஒதுக்கிவிட்டு, "எனக்கும் தெரியாது" என்றாள்.