பேருக்கு ஆசிரியர்

"இது நெத்திலியா, துரும்பா? ஒரே உப்பு. பாதிக்குத் தலையே இல்லை!" கையில் அள்ளிப் பார்த்த அம்மாள் உதட்டைப் பிதுக்கினாள்.

"தலை வேணும்னா கடல்ல போய்த் தேடுங்க!" என்று எகிறினாள் ஓக்பூன்.

மாசான் துறைமுகச் சந்தையில் அவளுடைய கருவாட்டுக் கடைக்கு இது புதுசில்லை. இரண்டு பேரும் தொண்டை வறளக் கத்தினார்கள். கடைசியில் அந்த அம்மாள் இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தாள்.

உள்ளே காலிப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்த தம்பி ஜேமுன் முகம் சுளித்தான். "அவ்வளவு திட்டினவங்களுக்கு எதுக்குக்கா வித்தே?"

"டாக்டர் பட்டம் வாங்கினவனுக்கு இதுகூடத் தெரியலே! ஆகா ஓகோங்கறவ பார்த்துட்டுப் போயிடுவா. குறை சொல்றவதான் வாங்குவா." இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்தாள். "அது கெடக்கு. போன வாரம் சொன்னியே ஒரு காலேஜ் வேலை, என்ன ஆச்சு?"

"கிடைச்சிருச்சு. தற்காலிக விரிவுரையாளர். ஒரு வருஷத்துக்கு. சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். அதான் யோசிக்கிறேன்."

"தற்காலிகமா? மூட்டை வியாபாரின்னு சொல்லு! புத்தக மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா பஸ் ஏறி இறங்குவாங்களே, அதானே?"

"ஊரே அப்படித்தான் சொல்லுது. ஆனா பாடம் நடத்தின அனுபவம் இல்லேன்னா, நிரந்தர வேலைக்கு என்னை வாசப்படிகூட ஏத்த மாட்டாங்கக்கா."

"லீவு விட்டா சம்பளம் உண்டா?"

"இல்லை."

"உட்கார அறை?"

"நாலு பேருக்கு ஒண்ணு."

"மேசை?"

"முதல்ல வர்றவங்களுக்கு."

"அடச்சே! என் நெத்திலிக்குக்கூடத் தனிப் பெட்டி இருக்குடா!"

எதிர்க் கடையில் கணவாய் விற்கிறவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜேமுன் மெல்ல இழுத்தான். "ஒரு மணி நேரம் நடத்தினாலும் பசங்க பேராசிரியர்னுதான் கூப்பிடுவாங்க."

"பேராசிரியராம்! பேருக்கு ஆசிரியர்! வருஷம் முடிஞ்சதும் மூட்டையைக் கட்டுன்னுவான். அப்ப இங்கதான் வந்து இந்தப் பெட்டி மேல உட்காருவே."

ஜேமுனின் முகம் சுண்டிப்போனது. அவனைப் படிக்க வைத்ததே இந்தக் கருவாடுதான். அக்காவே வேண்டாம் என்று சொன்ன பிறகு யோசிக்க என்ன இருக்கிறது?

"சரிக்கா. வேண்டாம்னு சொல்லிடறேன்." எழுந்து போனை எடுத்தான்.

"டேய், டேய்! நில்லுடா!" பெட்டிகளைத் தாண்டிப் பாய்ந்து வந்து கருவாட்டுக் கையோடு போனைப் பிடுங்கினாள் ஓக்பூன்.

"நீதானேக்கா இவ்வளவு நேரம்..."

"நான் ஆயிரம் சொல்லுவேன்! அதுக்குன்னு கைக்கு வந்ததை விட்டுட்டு வந்துடறதா? மேசை குடுப்பியா மாட்டியான்னு பேரம் பேசத் தெரியலே, இவனெல்லாம் டாக்டரு!"

அவன் திருதிருவென்று விழித்தான். வாசலில் ஏணி சாய்க்கிற சத்தம் கேட்டது.

"ஓக்பூனம்மா! பெயர்ப் பலகை ரெடி. மாட்டிடட்டுமா?"

"யோவ், உன்னை யாருய்யா இன்னைக்கு வரச் சொன்னா? எடுத்துட்டுப் போய்யா!" ஓக்பூனின் முகம் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்தது.

"நீங்கதானே போன வாரமே அவசரம்னு விரட்டினீங்க?" முணுமுணுத்துக்கொண்டே பலகைக்காரன் ஏணியில் ஏறிவிட்டான்.

ஜேமுன் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தான். 'ஓக்பூன் கருவாடு' என்றிருந்த பழைய பலகை கீழே கிடந்தது. மேலே, பெயின்ட் வாசனை போகாத புதுப் பலகை:

'பேராசிரியர் வீட்டுக் கருவாட்டுக் கடை. இங்கே பேரம் பேசக் கூடாது.'