மாமியார் வாங்கி வந்த ஊசி

“ஊசிய ஜல்தியா போட்டுடுங்க சிஸ்டர். ஒரு நாள் தள்ளினாலும் பேஜாராயிடும். இவ வயிறு எனக்கு நல்லபடியா வேணும்.”

அபிதகுசாம்பாள் இப்படிச் சொன்னதும் நர்ஸ் கற்பகத்துக்குச் சுருக்கென்றது. வயிறு வேண்டுமாம். அந்த வயிற்றுக்குச் சொந்தக்காரியான மருமகள் திலகவதி பக்கத்து நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் சுற்றிய துணிக்குள் முடி இல்லை, காதிலும் கழுத்திலும் பொட்டுத் தங்கம் இல்லை. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைகிற உடம்பில் எதுதான் தங்கும்? அவள் நல்லபடியாக வேண்டும் என்று மாமியார் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.

கற்பகம் கலசப்பாக்கத்துக்காரி. ஆரணியில் இந்தச் சின்ன நர்சிங் ஹோமுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனால் மாமியார்கள் விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவள். கல்யாணமான மூன்றாம் மாதமே “இன்னும் விசேஷம் இல்லையா?” என்று துளைத்தெடுத்த மாமியாரிடம் குடித்தனம் செய்தவள் அல்லவா? எந்த மாமியாரையும் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவாள். தன் தராசு தப்பாது என்பதில் அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

திலகவதிக்கு ரத்தப் புற்றுநோய். வேலூரில் கீமோ நடந்தது. அந்த மருந்து நோயோடு சேர்த்துச் சினைப்பையையும் கெடுத்துவிடலாம், பிறகு பிள்ளை பெறுவது சந்தேகம் என்று அங்கே டாக்டர் சொன்னார். சிகிச்சை முடிகிறவரை சினைப்பையைத் தூங்க வைக்க மாதம் ஒரு ஊசி உண்டு, உத்தரவாதம் கிடையாது, போட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார். மருமகள் வேண்டாமென்றாளாம். மாமியார்தான் பிடித்த பிடியை விடவில்லை. மாதா மாதம் ஊசியை ஐஸ் டப்பாவில் வைத்து, வேலூர் பஸ்ஸில் மடியிலேயே சுமந்து வந்து இங்கே போட வைத்தாள்.

“எனக்கு எதுக்கு அத்த இதெல்லாம்?” என்று அந்தப் பெண் முனகியதைக் கற்பகமே ஒருமுறை கேட்டிருக்கிறாள். நீ சும்மா இரு, எதுக்கென்று எனக்குத் தெரியும் என்று அவள் வாயை அடைத்துவிட்டாள் அபிதகுசாம்பாள். பிறகு கற்பகத்திடம் திரும்பி விளக்கம் வேறு சொன்னாள்.

“தறி மாதிரிதாம்மா. பழைய பாவு நூலு தீந்தாலும் நுனிய அறுத்துடக் கூடாது. அதுலதான புதுப் பாவ முடிஞ்சி சேக்கணும்?”

பெண்பிள்ளையைத் தறிக்கட்டையாக நினைக்கிறவளிடம் என்ன பேசுவது என்று கற்பகம் பல்லைக் கடித்துக்கொண்டாள். புறப்படும் முன் மருமகளின் நெற்றியில் பொட்டு ஒன்றை அக்கறையாக ஒட்டிவிடுவாள் மாமியார். ஊருக்குக் காட்ட வேண்டாமா?

இதில் புருஷன்காரன் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. கற்பகம் பொறுக்கமாட்டாமல் கேட்டும்விட்டாள். “எனக்கு ஒரே புள்ளம்மா. அவன் வரமாட்டான். எல்லாம் நான்தான்” என்று பதில் வந்தது. பெண்டாட்டி நோயில் கிடக்க, அம்மாவை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் அந்த மகராசனை மனசுக்குள் நன்றாகவே திட்டித் தீர்த்தாள்.

இன்றைக்குக் கடைசி ஊசி. ரத்தம் சுத்தமாகிவிட்டது என்று வேலூரில் சொல்லியிருந்தார்கள். கற்பகம் ஊசியை எடுத்துக்கொண்டு வந்தாள். அபிதகுசாம்பாள் இருப்புக் கொள்ளாமல் வாசலைப் பார்த்தாள்.

“சீக்கிரம் போவணும் சிஸ்டர். தறியில முகூர்த்தப் பொடவ பாதியில நிக்கிது.”

“யார் வீட்டுக் கல்யாணத்துக்கு?” என்று கற்பகம் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“எங்க வூட்டுக் கல்யாணம்தான். அடுத்த தையில. கடைக்குப் போற பொடவ இல்ல, நானே உக்காந்து நெய்ஞ்சிகினு இருக்கன். அரக்குல பச்ச பார்டரு.”

திலகவதி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

கற்பகத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இருப்பதோ ஒரே பிள்ளை. அந்த வீட்டில் வேறு யாருக்குக் கல்யாணம்? ஊசி பலித்தால் இவள் வயிறு, பலிக்காவிட்டால் புதுசாக வருகிறவள் வயிறு. தன் மாமியாருக்குக்கூட இந்த யோசனை தோன்றியதில்லை. கற்பகத்தின் ரத்தம் கொதித்தது. ஊசியைத் தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

“இந்தப் பொண்ணு உசுரோட உக்காந்துகினு இருக்கும்போதே உங்க புள்ளைக்கு ரெண்டாங் கல்யாணம் கேக்குதா? அதுக்கு இவ எதிர்லயே பொடவ கணக்கு வேற. நீங்களும் பொம்பளதானம்மா?”

வெளியே காத்திருந்தவர்கள்கூடக் கதவுப் பக்கம் திரும்பினார்கள். கடைசியில் ஒருத்தியாவது இந்தக் கிழவியை நேருக்கு நேர் கேட்டாளே என்று கற்பகத்துக்குப் பெருமையாகவே இருந்தது.

அபிதகுசாம்பாள் கோபப்படவில்லை. மருமகள் தலையிலிருந்து நழுவிய துணியை மெதுவாக இழுத்துச் சரிசெய்தாள். கிழவியின் கண் கலங்கியிருந்தது.

“எம் புள்ள போயி ரெண்டு வருசம் ஆவுது சிஸ்டர். கல்யாணம் இவளுக்கு. மாப்ளகிட்ட எல்லாத்தயும் சொல்லிட்டன், ஒரு மாசங்கூட வுடாம ஊசி போட்டுகினு வரோம்னும் சொல்லியிருக்கன், போடுங்க.”