மங்கையின் நாற்காலி

நான் உட்காரவே உட்காராத நாற்காலிக்கு என் கல்லீரல் எப்படித் தெரிந்தது?

சுவர்த்திரையில் வந்திருந்த அறிக்கையை மங்கை மறுபடி படித்தாள். மங்கை: கல்லீரலில் கொழுப்பு, வீக்கம், உடனே சிகிச்சை தேவை. கதிரேசன்: இம்மாத அளவு வரவில்லை. சாப்பாட்டு மேசையில் ஆளுக்கொரு நாற்காலி, பெயர் எழுதியது. உட்கார்ந்தவரின் ஈரலைப் பார்த்து அந்தப் பெயரிலேயே அது மருத்துவமனைக்கும் வேலை தரும் அலுவலகத்துக்கும் சொல்லிவிடும். அவளோ கல்யாணமான நாளிலிருந்து கணவர் கதிரேசனுக்குப் பரிமாறிவிட்டு அடுப்படியில் நின்றே சாப்பிடுகிறவள்.

"குடிக்காதவங்களுக்கும் இது வரும்னு டாக்டரே சொல்றாரு. அப்புறம் என்ன சந்தேகம் உனக்கு?" என்றார் கதிரேசன். அவர் கை வலது விலாவின் கீழே தடவிக்கொண்டிருந்தது.

"வரும்தான். ஆனா காத்து நல்லா வருதுன்னு ஒரு மாசமா என் நாற்காலியில உட்காருறது நீங்கதானே?"

அவர் குரலைத் தணித்தார்.

"கப்பல் வேலைக்கு ஈரல் சுத்தமா இருக்கணும் மங்கை. என் நாற்காலியில நீ ஒரே ஒரு தடவை உட்கார்ந்து எந்திரி. அந்த அளவு என் பேர்ல போனா போதும்."

"அப்ப மருந்து யாரு சாப்பிடுறதுங்க?"

"அதெல்லாம் வேலைக்குச் சேர்ந்தப்புறம் பாத்துக்கலாம். உக்காரு."

மங்கை உள்ளே போய்த் தன் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். தன் பெயர் எழுதிய நாற்காலியில் முதல்முறையாக உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள்.

நின்றுகொண்டிருந்த கதிரேசனுக்கு மிச்சமிருந்தது அவருடைய நாற்காலி மட்டும்தான்.