பன்னிரண்டாவது கட்டு

“குப்பைக்கீரையைப் பறின்னுதானே சொன்னேன், கோமளா?”

“குப்பைமேனின்னுதான்க்கா சொன்னீங்க, என் காது—”

“உன் காதுல கம்மலைத் தவிர வேற என்ன ஏறும்?”

மொட்டைமாடித் தோட்டத்தில் மங்களவல்லியின் கீரை வகுப்பு முடிந்து, பன்னிரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு கட்டோடு வீட்டுக்குப் போயிருந்தார்கள். குப்பைக்கீரை கடைந்து சாப்பிடுவது. கோமளா கட்டிக் கொடுத்ததோ குடலைப் புரட்டி வாந்தியெடுக்க வைக்கும் மூலிகை. இருவரும் வீடு வீடாக ஏறி இறங்கிப் பதினொரு கட்டுகளைத் திரும்ப வாங்கிவிட்டார்கள்.

“இன்னும் யார் வீடு?”

“நம்ம நிலோபர் வீடுதான்க்கா. நாலு மாசம் முழுகாம இருக்கா.”

கதவைத் திறந்த நிலோபர் வாயைத் துடைத்தபடி சிரித்தாள்.

“வாங்கக்கா. இன்னிக்குத்தான் குமட்டாம ஒரு தட்டு சோறு உள்ள போச்சு. எம்பொண்ணு கொண்டாந்தாளே, அது என்ன கீரைக்கா?”